மெட்டார்ல (ஏர்போர்ட் வானிலை ரிப்போர்ட்) விசிபிலிட்டி, அதாவது கண்ணுக்கு தெரியற தூரம், 800 மீட்டர்னு போட்டா சிம்முல (ஃப்ளைட் சிமுலேட்டர்) வானம் மொத்தமும் புகையாயிடுது, எப்டி சரி பண்றது?

வியாசை_விங்ஸ்:
போகி காலைல மீனம்பாக்கம் ஏர்போர்ட் எப்டி இருக்குமோ அப்டியே சிம்முல கொண்டு வரணும் ப்ரோ. எங்க ஏரியால விடியறதுக்கு முன்னாடியே டயரு, பழைய பாயின்னு கொளுத்திடுவாங்க, தெருமுனைல நிக்கிற ஆட்டோ கூட தெரியாது, ஆனா மொட்ட மாடில ஏறி அண்ணாந்து பாத்தா நட்சத்திரம் பளிச்னு இருக்கும். சிம்முல 0800 எஃப்யூன்னு (800 மீட்டர், புகை) மெட்டார் டைப் பண்ணா 5000 அடி ஏறினாலும் அதே 800 மீட்டர் தான் தெரியுது. சரின்னு 9999 போட்டா 10 கிலோமீட்டர்ல வெள்ளையா சுவரு வெச்ச மாதிரி நிக்குது.

ராயபுரம்_ரன்வே:
தலைவா, மெட்டார்ல வர்ற விசிபிலிட்டி தரைல நின்னு பாக்குறது மட்டும் தான், அதுவும் சுத்துவட்டத்துல குறைஞ்சது பாதி பக்கத்துலயாவது எவ்ளோ தூரம் தெரியுதுன்னு எடுக்குற கணக்கு. புகை எவ்ளோ உசரம் இருக்குன்னு அதுல எங்கயும் வராது, அத நாம தான் குடுக்கணும். 9999ன்னா 10 கிலோமீட்டர் "அல்லது அதுக்கு மேல", அத எல்லையா எடுத்துக்குற சிம்முல தான் அந்த சுவரு வரும். நான் ஃப்ளைட்கியர்ங்கிற சிம் ஓட்டுறேன், அதுல தரை லேயருக்கு ஒரு விசிபிலிட்டி, மேல இருக்குற காத்துக்கு வேற ஒண்ணு தனித்தனியா செட் பண்ணலாம். கீழ 800 வெச்சுட்டு 300, 400 அடிக்கு மேல 20 கிலோமீட்டர் குடுத்துப் பாரு. இன்னொண்ணு, மெட்டார் டைம் யூடிசி (உலகப் பொது நேரம்), நம்ம காலைல 6 மணின்னா 0030.

கொருக்குப்பேட்டை_77:
இதுல முக்கியமானது அப்ரோச், அதாவது ரன்வேய நோக்கி இறங்குறது தான்பா. புகை 300 அடி கனம்னு வெச்சுக்க, நேர் மேல இருந்து குனிஞ்சு பாத்தா ரன்வே லைட்டு தெரியும், ஏன்னா நடுவுல 90 மீட்டர் புகை தான். ஆனா 3 டிகிரில இறங்கும்போது அதே 300 அடிய சாய்வா கடக்கணும், அது கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர் வருது, உனக்கு தெரியறதோ 800. மேல இருந்து தெரிஞ்ச ரன்வே உள்ள நுழைஞ்ச உடனே காணாம போயிடும், ஐஎல்எஸ் கேட் ஒன்ல (ரேடியோ சிக்னல் வெச்சு இறங்குற முறைல முதல் வகை) 200 அடில முடிவெடுக்கணும், லைட்டு கண்ணுல படலன்னா கோ அரவுண்ட், இறங்காம திரும்ப மேல ஏறிடணும். 2018 போகிக்கு சென்னைல அவ்ளோ ஃப்ளைட் லேட்டானதும் டைவர்ட் ஆனதும் ஏன்னு இத ஒரு தபா ஓட்டினா புரியும். வானம் மொத்தமும் 800ன்னு வெச்சா இந்த மொமெண்டே கிடைக்காது, சும்மா வெள்ளத்துணிக்குள்ள பறக்குறது தான்.

ராயபுரம்_ரன்வே:
செம பாயிண்ட். காத்த ஜீரோல வை, புகை தங்குறதே ராத்திரி தரை குளுந்து மேல சூடான காத்து மூடிக்கிறதால தான். வெயில் ஏற ஏற கலைஞ்சிடும், அதனால ஒரே மெட்டார வெச்சு காலைல பூரா ஓட்டாத, இங்க அரை மணிக்கொரு தபா புதுசு வருது, ஒண்ணொண்ணா மாத்து.

வியாசை_விங்ஸ்:
சூப்பர்ணா, லேயர் 300 அடி வெச்சு இன்னிக்கு நைட்டு ரன்வே 07ல இறங்கிப் பாக்குறேன். எண்ணூர் பக்கம் பறக்கும்போதும் இதே மெட்டார் தானா?

கொருக்குப்பேட்டை_77:
அது மீனம்பாக்கத்தோட ரிப்போர்ட்டு, எண்ணூர் அங்கேர்ந்து 25 கிலோமீட்டருக்கு மேல. மணலி, எண்ணூர் பக்கம் நீ கண்ணால பாத்தத வெச்சு கையால செட் பண்ணு, அந்த ஏரியா உனக்கு தெரியாததா.