வங்கி வேலையை விட்டுவிட்டு அப்பக் கடை போடலாமா?

ஈசூன்வாசி: வணக்கம். வயது 29. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் வேலை, மாதம் 5,000 வெள்ளி. அப்பமும் இடியாப்பமும் எனக்குப் பாட்டியிடம் பழகிய கை. உணவங்காடி நிலையத்தில் கடை எடுக்க ஆசை. அடுத்த வருடம் கல்யாணம், பதிவு செய்திருக்கும் பிடிஓ வீட்டை (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) முடித்துச் சாவி தர இன்னும் இரண்டு வருடம். அப்பா கூடவே கூடாது என்கிறார். கட்டிக்கொள்ளப் போகிறவள் சரி என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை: தம்பி, அப்பா பேச்சைக் கேளுங்கள். உங்கள் சம்பளம் 5,000 இல்லை, 5,850. முதலாளி 17 விழுக்காடு மசேநிதி (மத்திய சேமநிதி, கட்டாயச் சேமிப்பு) போடுகிறார், உங்கள் பங்கு 20. அந்த 37-இல் உங்கள் வயதுக்கு 23 விழுக்காடு சாதாரணக் கணக்கில் சேரும், அதாவது மாதம் 1,150 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பலர் தவணை கட்டுவது அந்தப் பணத்தில்தான். சுயதொழிலுக்குப் போய்விட்டால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு மட்டும்தான் கட்டாயம். மற்றதை நீங்களாகப் போட்டால்தான் உண்டு. தவணைக்குக் கல்லாவில் கை வைக்க வேண்டிவரும். வங்கிக் கடன் கேட்டால், ஏறி இறங்கும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். முதலில் சாவியை வாங்குங்கள். கடை எங்கும் ஓடிப்போகாது.

பொங்கோல்_செல்வம்: அண்ணே, கணக்கு சரி, முடிவுதான் தப்பு. சாவி வந்தால் தவணை, வீட்டைச் சீரமைக்கக் கடன், அப்புறம் பிள்ளை. அதற்குப் பிறகு எவர் வேலையை விடுவார்? தவணை இல்லாத காலம் அவருக்கு இந்த இரண்டு வருடம்தான். வேலையில் இருந்தால் பாதுகாப்பு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எனக்கு 43 வயது இருக்கும்போது, காலையில் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். மதியத்துக்குள் அலுவலக அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் தேடி அலைவதைவிட 29-இல் துணிவது மேல்.

கணக்குப்பிள்ளை: உங்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் வேலை பறிபோனவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து, தகுதி இருந்தால், ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை உதவி உண்டு. தானாக விட்டவருக்கு அது கிடையாது. கடை நொடித்தால் இவருக்கு யார் தருவார்கள்?

தேக்கா_அக்கா: கடனைப் பற்றியே பேசுகிறீர்கள், கடையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! பல வருடமாக நிற்கிறவள் சொல்கிறேன்.

தம்பி, உணவங்காடி நிலையங்களைக் கவனிக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கடையை எடுத்தால் நீங்களேதான் நின்று நடத்த வேண்டும். ஊரிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் சமையல்காரரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், 2025-லிருந்து நீண்டகால வருகை அனுமதி உள்ளவர்கள், இவ்வளவு பேர்தான் உதவிக்கு. காய்ச்சலோ கல்யாணமோ, அடுப்பு உங்களைத்தான் தேடும்.

அடுத்தது அப்பம். நாலு சட்டி வைத்தாலும் ஒன்றுக்கு மூன்று நிமிடம். கை ஓயாமல் ஊற்றினாலும் மணிக்கு 80-தான். மதியக் கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் கலைந்துவிடும், 120 அப்பம் போட்டிருப்பீர்கள். இரண்டு வெள்ளி என்று வைத்தால் 240. அதில் தேங்காய், எரிவாயு, வாடகை, ஆள் கூலி. முன்கூட்டியே அவித்து வைக்கும் இடியாப்பம்தான் கடையைத் தூக்கி நிறுத்தும். டிசம்பர் மழையில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும், அதற்கு வேறு பக்குவம் வேண்டும்.

கடைக்கு வாடகை கேட்டுப் போட்டியிடும் ஏலக்குத்தகையில் ஆசைப்பட்டு ஏற்றிக் கேட்டுவிடாதீர்கள். கேட்ட வாடகை முதல் ஒப்பந்தக் காலமான 3 வருடத்துக்கும் கழுத்தில் நிற்கும். புதியவர்களுக்கு அடிப்படைச் சாதனங்களோடு, வாடகைக் கழிவோடு கடை தரும் திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. அதில் தொடங்குங்கள். விடலாம் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அடுப்படியில் நின்று பார்த்த பிறகு.

பொங்கோல்_செல்வம்: அக்கா, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை: இல்லை, நீங்கள் உடனே விடச் சொன்னீர்கள். அக்கா சொல்வது வேறு. நான் கேட்பது இதுதான்: சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்த்தீர்களா?

பொங்கோல்_செல்வம்: ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்துக் கடை நடத்த முடியாது அண்ணே. திரும்பிப் போக இடம் இருந்தால் முதல் மழையிலேயே மனசு தளர்ந்துவிடும்.

தேக்கா_அக்கா: அப்படி இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறவர்தான் ருசியில் கை வைக்காமல் தாக்குப்பிடிக்கிறார். பணமுடை வந்ததும் தேங்காய்ப்பாலில் தண்ணீரைக் கூட்டி, வந்த கூட்டத்தையும் விரட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈசூன்வாசி: எல்லாருக்கும் நன்றி. மணிக்கு 80 என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. அக்கா, மீதமிருக்கும் வருடாந்தர விடுப்பை எடுத்து உங்கள் கடையில் நிற்கலாமா? கூலி வேண்டாம். அண்ணே, அவள் பாலர் பள்ளி ஆசிரியை. அவளுடைய சாதாரணக் கணக்கு மட்டும் தவணையைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வீர்களா?

தேக்கா_அக்கா: உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு வாங்க. நாலரைக்கு அடுப்பு மூட்டுவோம்.

கணக்குப்பிள்ளை: வீட்டு விலை, அவர் சம்பளம், இருவரின் மசேநிதி இருப்பு மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன். விடக்கூடாது என்பதில் நான் இன்னும் மாறவில்லை.