ஊனோவில் ஸ்டாக் இடம் முட்டுது, வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

கிளிநொச்சித் தோட்டக் கிணறு ஒன்றின் நீர்மட்டம் பார்க்க ஆர்டுயினோ ஊனோ எண்ட சின்னக் கண்ட்ரோலர் போர்ட்டும் 128×64 ஓலெட் திரையும் பாவிக்கிறன். சராசரி எடுக்கும் ஃபங்ஷன் ஓடினவுடன திரையில கீழ்ப்பாதி குழம்புது, சிலவேளை போர்ட் ரீசெட் ஆகுது.

கணக்கு இதுதான். ராம் 2048 பைட். கம்பைல் பண்ணேக்க குளோபல் மாறிகளுக்கு 780 எண்டு காட்டுது. ஆனால் திரையின் லைப்ரரி ஓடத் தொடங்கின பிறகுதான் ஹீப்பில (ஓடேக்க கேட்டு எடுக்கிற ராம் இடம்) 1024 பைட் எடுக்கும். அது கம்பைலர் சொல்லுற கணக்கில வராது. மிச்சம் 244; மற்ற ஃபங்ஷன் அழைப்புகளுக்கும் இதிலதான் இடம் வேணும் எண்டதால அதுகூட முழுசா இல்லை. சராசரி ஃபங்ஷனுக்குள்ள 60 ஃப்ளோட் (தசம எண்), தலைக்கு 4 பைட், 240. ராமின்ர மேலயிருந்து இறங்குற ஸ்டாக் (ஓடுற ஃபங்ஷனின்ர மாறிகள் தங்குற இடம்) திரையின்ர இடத்தில ஏறுது. இந்தச் சிப்பில அதைத் தடுக்க ஒண்டும் இல்லை.

ஃபங்ஷன்களின் கோட் 32 கேபி ஃபிளாஷில இருக்கிறதால அதில பிரச்சினை இல்லை. ராமைத் தின்னுறது தமிழ்ச் செய்திகள்: யூடிஎஃப்-8இல ஒரு குறிக்கு 3 பைட், 'கிணற்று நீர்மட்டம்' மட்டும் முடிவுக் குறியோட 53 பைட். ப்ரோகிராம் தொடங்கேக்க எல்லாம் ராமுக்குப் பிரதியாகும்.

ஃப்ளோட்டை இன்டாக்கினால் (முழு எண், 2 பைட்) 120 பைட் மிச்சம் பிடிக்கலாம், அது செய்யலாம். கேட்கிறது இரண்டு:

செய்திகள் குளோபல் அட்டவணையில இருக்கிறதால எழுத்தை ஃபிளாஷிலயே வைக்கிற எஃப் மேக்ரோ, F(), சரிவராது. தரவை ஃபிளாஷில வைக்கச் சொல்லுற ப்ரோக்மெம் (PROGMEM) போட்டால் ஒவ்வொரு செய்தியையும் சுட்டி அட்டவணையையும் தனித்தனியாகப் போடவேணுமோ? பஃபர் இல்லாமல் ஃபிளாஷிலயிருந்து நேரடியாகப் பிரின்ட் பண்ணலாமோ?

ஸ்டாக் அதிகபட்சம் எவ்வளவு இறங்குது எண்டு அளக்க, வெற்று ராமை ஒரே எண்ணால நிரப்பிப் பார்க்கிற கோட் ஆரிட்டயாவது இருக்கோ?