தமிழ்ப்பள்ளியில் இசை வகுப்பு: உங்கள் வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கில் அரசு உதவிபெறும் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகிக்கிறேன். 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இசையும் காட்சிக்கலையும் இடம்பெற்றிருந்தும், இசையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்களிடம் இல்லாததால், அந்தப் பாடவேளை பெரும்பாலும் எழுத்துப் பயிற்சியிலேயே கழிந்துவிடுகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் உறுமி மேளம் ஒலித்ததும் எங்கள் பிள்ளைகள் தாளம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு என் ஆதங்கம் புரியும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. மிருதங்கம், சுருதிப்பெட்டி, வெளிக்கலைஞருக்கான மதிப்பூதியம் ஆகியவற்றுக்கு நாங்களே நிதி திரட்ட வேண்டியுள்ளது. உங்கள் பள்ளிகளில் பள்ளி நிர்வாக வாரியமோ முன்னாள் மாணவர்களோ இச்செலவை எவ்வாறு ஏற்றார்கள் என்பதையும், பாடவேளைக்குள் வெளிக்கலைஞர் கற்பிக்க யாரிடம் அனுமதி பெற்றீர்கள் என்பதையும் தயவுசெய்து விரிவாகத் தெரிவியுங்கள். பயன்படுத்தாத இசைக்கருவிகள் இருந்தால், நாங்களே வந்து பெற்றுக்கொள்கிறோம்.