ஸ்காப்பா ஃபுளோவில் மூழ்குவதற்கு வெட்சூட் போதுமா, டிரைசூட் வேண்டுமா?

கரையோரன்:
வணக்கம். புதுச்சேரியில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உள்ளே நீர் புகும் ரப்பர் உடை) அணிந்து ஸ்கூபா கற்ற எனக்குக் குளிர்நீர் அனுபவம் அறவே இல்லை. இப்போது வேலையின் பொருட்டு ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படையினர் தாமே மூழ்கடித்த போர்க்கப்பல்களைக் காண, செப்டம்பரில் ஆர்க்னித் தீவுகளின் ஸ்காப்பா ஃபுளோவுக்கு ஒரு வாரம் செல்லவிருக்கிறேன். நீரின் வெப்பநிலை 12, 13 டிகிரி இருக்கும் என்கிறார்கள். செலவைப் பார்க்கையில் 7 மில்லிமீட்டர் வெட்சூட்டின் பக்கமே மனம் சாய்கிறது. போதுமா?

வடகடல்:
வெப்பநிலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் காணப்போகும் கப்பல்கள் ஏறக்குறைய 25 முதல் 45 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. வெட்சூட் செய்யப்படும் நியோபிரீன் ரப்பரின் கதகதப்பு அதனுள் அடைபட்டுள்ள நுண்ணிய வாயுக் குமிழிகளால் வருவது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் நான்கு மடங்காகிவிடுவதால், அக்குமிழிகள் நசுங்கி உடை வெகுவாக மெலிந்துவிடும். குளிர் மிகுந்த இடத்தில்தான் அது நம்மைக் கைவிடுகிறது. படகின் மேல்தளத்தில் படும் பாடு இதைவிடப் பெரிது: நனைந்த உடையோடு ஆர்க்னிக் காற்றில் அடுத்த டைவுக்காகக் காத்திருக்கும்போது, ஆவியாகும் நீர் உடற்சூட்டையும் கொண்டுபோகும். ஒரு நாள் தாங்கலாம், ஒரு வாரம் கடினம். உள்ளே நீரே புகாத டிரைசூட்டே என் பரிந்துரை.

நீர்க்காகம்:
மேலே சொன்னது ஸ்காப்பாவுக்குப் பொருந்தும். எல்லா இடத்துக்கும் அன்று. கோடையில் கரையோரமாக, 12 மீட்டருக்குள், ஒரே ஒரு டைவ் என்றால், உள்ளே நீர் அதிகம் புகாத செமிடிரை உடையைத்தான் நான் இன்றும் எடுக்கிறேன்.

ஆனால் டிரைசூட்டை வாங்கிய கையோடு ஸ்காப்பாவுக்குப் போய்விடாதீர்கள். ஆழத்தில் உடை உடலைக் கவ்விப் பிடிக்காமல் இருக்க மார்பு வால்வு வழியாகக் காற்றை ஏற்றுகிறோம். மேலேறும்போது அதே காற்று விரிவதால், இடது மேற்கையிலுள்ள வால்வு வழியாக அதை வெளியேற்றியாக வேண்டும். என் மூன்றாவது டிரைசூட் டைவில் தலை தாழ்ந்தபோது காற்றெல்லாம் கால்பக்கம் ஓடிவிட, ஆறு மீட்டரிலிருந்து கால் மேலாகப் பரப்புக்கு வந்து சேர்ந்தேன். நண்பர்கள் சிரித்தார்கள், 30 மீட்டராக இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். முறையான பயிற்சி பெற்று, ஆழமற்ற நீரில் பத்துப் பதினைந்து டைவ்களாவது செய்துவிட்டுச் செல்லுங்கள்.

கரையோரன்:
இருவருக்கும் நன்றி. படகுக் காற்றை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வாடகைக்கு எடுத்தால் சரிவருமா?

வடகடல்:
வரும். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள பட்டைகள் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று முன்னதாகவே நீரில் இறங்கிப் பாருங்கள். தளர்ந்தால் நீர் புகும், இறுகினால் தலை சுற்றும். மெல்லிய துணி வகை டிரைசூட் தண்ணீரைத் தடுக்குமே தவிரச் சூடு தராது. சூட்டைக் காப்பது உள்ளே அணியும் தடித்த உடையும் அதில் தங்கும் காற்றும்தான். ஆகவே அந்த உள்ளுடையை மட்டும் நல்லதாகச் சொந்தத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீரில் அமிழ்வதற்காகப் புதுச்சேரியில் இடுப்பில் கட்டிய ஈயத்தின் கணக்கு இங்கே உதவாது. எடை கணிசமாகக் கூடும், எவ்வளவு என்பதைப் பயிற்சியின்போதே கண்டறிந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.