பாஸ் மீன் பிடிக்க ஒரே ஒரு ஸ்பின்னிங் ராட்: எதை வாங்குவது?

கேள்வி:
வணக்கம். டெக்சாஸில் டாலஸ் அருகே வசிக்கும் நான், வார இறுதிகளில் லேக் ஃபோர்க் ஏரிக்கரையிலிருந்து லார்ஜ்மவுத் பாஸுக்குத் தூண்டில் போடுகிறேன். என்னுடைய ஆறரை அடி ராட்டில் (தூண்டில் கம்பில்) 4 கிராம் ஜிக்கை (ஈயத்தலை முள் வைத்த செயற்கை இரையை) எவ்வளவு வேகமாக வீசினாலும் கரையோரத்திலேயே விழுகிறது. கிராங்க்பெய்ட்டைக் (இழுக்கும்போது நீந்தும் மீன் வடிவச் செயற்கை இரையை) கவ்வும் மீனோ துள்ளித் தலையை உதறியதும் முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறது. சென்ற சனிக்கிழமை மட்டும் மூன்று மீன்கள் அப்படித் தப்பின. ஒரு ராட் வாங்கத்தான் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம்?

பதில் 1:
கைப்பிடிக்குச் சற்று மேலே ராட்டில் அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதுங்கள்.

கேட்டவர்:
'மீடியம் ஹெவி, லூர் 3/8 – 1 அவுன்ஸ், லைன் 10 – 20 பவுண்டு' என்று இருக்கிறது, ஐயா.

பதில் 1:
அப்படியானால் குறை உங்கள் வீச்சில் இல்லை, தம்பி. 3/8 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ பத்தரை கிராம். வீசும்போது லூரின், அதாவது செயற்கை இரையின், பாரத்தால் வளையும் ராட், நிமிரும் விசையில்தான் லூரைத் தூக்கி எறிகிறது; 4 கிராம் உங்கள் ராட்டை வளைக்கவே போதாது. மீன் துள்ளும்போதும் அந்த விறைப்பே எதிரி: கிராங்க்பெய்ட்டின் மும்முனை முட்கள் சிறியவை என்பதால், ராட் வளைந்து கொடுக்காவிட்டால் வாயின் சதை கிழிந்து முள் நழுவிவிடும்.

ஏழடி நீளம், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன், லூர் அளவு 1/8 முதல் 5/8 அவுன்ஸ் வரை, லைன் (நூலின் வலு) 6 முதல் 12 பவுண்டு வரை உள்ளதை வாங்குங்கள். பவர் என்பது ராட்டின் வலு. ஆக்ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும் வளைந்து அடிப்பக்கம் உறுதியாக நிற்கும். ஆகவே ரப்பர் புழுவை மீன் மெல்லத் தொடுவதும் கைக்குத் தெரியும், சுண்டி இழுத்தால் முள்ளும் ஏறும். அடர்ந்த பாசிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுத்தெடுக்க மட்டும் இது போதாது; அதற்கு ரீல் மேல்பக்கம் அமரும் கனமான காஸ்டிங் ராட்தான் வேண்டும்.

பதில் 2:
கிராங்க்பெய்ட்டையே அதிகம் வீசுபவராக இருந்தால் மாடரேட் ஃபாஸ்ட் ஆக்ஷன் (நுனிக்குச் சற்றுக் கீழே வரை வளைவது) இன்னும் நல்லது என்பது என் அனுபவம். மற்றபடி மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன்.

கேட்டவர்:
என்னிடமுள்ள 4000 அளவு ரீலையே புதிய ராட்டில் பொருத்தலாமா?

பதில் 1:
பொருந்தும், ஆனால் கனம் அடிப்பக்கம் இழுத்து, மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும். 2500 அளவு போதும். 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) சுற்றி, நுனியில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடரை (லூருக்கு முன் கட்டும், நீரில் எளிதில் தெரியாத நூல் துண்டை) இரட்டை யூனி முடிச்சால் இணையுங்கள். வீசியபின் ரீலின் கம்பி வளையத்தைக் கையாலேயே மூடினால் நூல் முறுக்கிக்கொள்வது வெகுவாகக் குறையும்.