ஃபேஸ் ரீட்பேக் நேர்கோடு, பீம் ஆற்றல் மட்டும் 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஆடுகிறது: எங்கே தேடுவது?

லைனாக்_ஷிஃப்ட்
வணக்கம். 2856 மெகாஹெர்ட்ஸ் எலக்ட்ரான் லைனாக் (எலக்ட்ரான்களை நேர்கோட்டில் முடுக்கும் இயந்திரம்). ஒரு கிளைஸ்ட்ரான் (மைக்ரோவேவ் ஆற்றல் தரும் குழாய்), 3.05 மீட்டர் டிராவலிங் வேவ் ஸ்ட்ரக்சர் (பீமை முடுக்கும் செம்புக் குழாய்) இரண்டு. ஆற்றலில் பெரும்பங்கு இந்த ஒரே நிலையத்திலிருந்துதான். பஞ்ச்சை, அதாவது எலக்ட்ரான் கொத்தை, சுருக்க வேண்டியிருப்பதால் க்ரெஸ்டிலிருந்து (ஆற்றல் உச்சம் தரும் ஃபேஸ்) 10 டிகிரி தள்ளி ஓட்டுகிறோம்.

டிஸ்பெர்ஷன் (ஆற்றல் மாறினால் பீம் பக்கவாட்டில் நகரும் அளவு) 0.4 மீட்டர் உள்ள இடத்தில் இருக்கும் ஸ்ட்ரிப்லைன் பிபிஎம்மில் (பீம் நிலை காட்டும் கருவி) பீம் கிடைமட்டமாக 1.2 மில்லிமீட்டர் போய் வருகிறது. ஒரு சுற்றுக்கு 25 நிமிடம். எல்எல்ஆர்எஃப் (ரேடியோ அலையின் ஃபேஸையும் வீச்சையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி) ஃபேஸ் லூப் மூடியிருக்கிறது, அதாவது பிழையைத் தானே திருத்துகிறது. ரீட்பேக் (அளந்து காட்டும் ஃபேஸ்) சிதறல் 0.05 டிகிரிதான். வீச்சும் அசையவில்லை. லூப்புக்கான சிக்னல் கிளைஸ்ட்ரான் அவுட்புட் கப்ளரிலிருந்து (அலையில் சிறு பங்கை எடுத்துத் தரும் இணைப்பு) 25 மீட்டர் அரை அங்குல ஃபோம் கேபிளில் வருகிறது. பிபிஎம் எலக்ட்ரானிக்ஸ் பொய் சொல்கிறதா?

வேவ்கைடு_வாசல்
பிபிஎம் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. குழாய் விட்டம் 35 மில்லிமீட்டர் என்று வைத்தால் நிலை ஏறத்தாழ 8.75 பெருக்கல் வித்தியாசம் வகுத்தல் கூட்டுத்தொகை. 1.2 மில்லிமீட்டர் போலியாக வர இரண்டு சானல்களின் கெயின் 2.4 டெசிபெல் விலக வேண்டும். அறை வெப்பம் இரண்டு மூன்று செல்சியஸ் ஆடினால் அவ்வளவு விலகாது. ஆனாலும் டைபோலுக்கு (பீமை வளைக்கும் காந்தம்) முன்னால் இருக்கும் பிபிஎம்மைச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அங்கே பீம் அசையாமல் இருந்தால் ஆடுவது ஆற்றல்தான்.

எனக்கு முதல் சந்தேகம் குளிர்நீர். செம்பின் விரிவு ஒரு செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 16.5 பங்கு. 0.83 மைக்ரோவினாடி நிரம்பும் ஸ்ட்ரக்சரின் கடைசியில் அது 14 டிகிரி ஃபேஸ் சறுக்கல். பீம் உணர்வது ஏறத்தாழ அதில் பாதி.

லைனாக்_ஷிஃப்ட்
டைபோலுக்கு முன் பிபிஎம் அசையவில்லை. நீர் பதிவில் ஏற்ற இறக்கம் 0.05 செல்சியஸுக்குள்.

வேவ்கைடு_வாசல்
அந்த சென்சார் எங்கே இருக்கிறது? சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாயிலில் என்றால் அதை நம்பாதீர்கள். ஸ்ட்ரக்சர் நுழைவாயில் குழாயில் ஒன்று ஒட்டுங்கள். இன்னும் நல்ல வழி: ஸ்ட்ரக்சரின் இன்புட் கப்ளர், அவுட்புட் கப்ளர் இரண்டின் ஃபேஸ் வித்தியாசத்தைப் பதிவு செய்வது. ஒரே வகைக் கேபிள், ஒரே டிரே என்றால் கேபிள் பிழை கழிந்துபோய் நீர் மட்டும் தெரியும்.

கேபிள்_கணக்கு
நீரா கேபிளா என்று பார்ப்பதற்கு முன் ஃபேஸா வீச்சா என்று பிரித்துவிடுங்கள். அதற்குக் கருவி தேவையில்லை, பீம் போதும்.

க்ரெஸ்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் பாருங்கள். அங்கே ஃபேஸ் பிழைக்கு முதல் வரிசை விளைவே கிடையாது. ஆட்டம் நீடித்தால் காரணம் வீச்சு. அடங்கினால் காரணம் ஃபேஸ். பிறகு மறுபக்கம் 10 டிகிரிக்குப் போங்கள். ஃபேஸ் என்றால் ஆட்டம் தலைகீழாகும்.

அளவும் ஒத்துவருகிறது. 10 டிகிரியின் டேன்ஜென்ட் 0.176, ஒரு டிகிரி ஃபேஸ் பிழைக்கு ஆற்றல் 0.31 சதவீதம் மாறும். 0.4 மீட்டர் டிஸ்பெர்ஷனில் அது 1.2 மில்லிமீட்டர். நீங்கள் தேடுவது ஒரு டிகிரியை.

அடுத்து லூப்பைத் திறந்து இரண்டு சுற்று பாருங்கள். இதைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள். மூடிய லூப்பில் ரீட்பேக் நேர்கோடாக இருப்பது கன்ட்ரோலர் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பிக்கப் கேபிள் (கப்ளரிலிருந்து சிக்னல் கொண்டுவருவது) ஒரு டிகிரி நகர்ந்தால் கன்ட்ரோலர் உண்மை ஃபேஸை ஒரு டிகிரி எதிர்ப்பக்கம் தள்ளி ரீட்பேக்கைப் பழைய இடத்திலேயே நிறுத்தும். லூப் திறந்ததும் பீம் நிலைத்து ரீட்பேக் ஆட ஆரம்பித்தால் அளவீட்டுப் பாதைதான் குற்றவாளி. நீர் என்றால் லூப் திறந்தாலும் மூடினாலும் பீம் ஆடும்.

லைனாக்_ஷிஃப்ட்
செய்தாயிற்று. க்ரெஸ்டில் ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழ். மறுபக்கத்தில் தலைகீழ். லூப் திறந்ததும் பீம் கிட்டத்தட்ட நின்றது, ரீட்பேக் ஒரு டிகிரி அலைந்தது. அப்படியானால் 25 மீட்டர் கேபிளை மாற்றிவிடலாமா?

கேபிள்_கணக்கு
பொறுங்கள், அது இல்லை. ஃபோம் கேபிளில் அலைநீளம் 9.2 சென்டிமீட்டர், 25 மீட்டருக்கு 270 அலை, ஏறத்தாழ 97,000 டிகிரி. பத்து லட்சத்தில் 10 பங்கு என்றால் ஒரு செல்சியஸுக்கு ஒரு டிகிரி. ஆனால் கேலரி டிரேயில் கிடக்கும் தடித்த கேபிள் 25 நிமிடத்தில் ஒரு செல்சியஸ் ஏறி இறங்காது. 25 நிமிடம் என்பது ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் நேரம். எல்எல்ஆர்எஃப் கருவி ரேக்குக்குள் கடைசித் துண்டு என்ன கேபிள்? ஏசி எத்தனையில் இருக்கிறது?

லைனாக்_ஷிஃப்ட்
ஆர்ஜி-400, 1.2 மீட்டர். ரேக்கில் காற்று 18-லிருந்து 20 செல்சியஸ் வரை போய் வருகிறது.

கேபிள்_கணக்கு
அகப்பட்டது. ஆர்ஜி-400-இன் உள்ளே திட டெஃப்லான். 19 செல்சியஸ் பக்கத்தில் டெஃப்லானின் படிக அமைப்பு மாறுகிறது. அந்த வளைவில் கேபிளின் மின்நீளம் சட்டென்று நகரும். அங்கே ஒரு செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்று வையுங்கள். 1.2 மீட்டர் என்பது 16 அலை, சுமார் 5,900 டிகிரி. செல்சியஸுக்கு 0.6 டிகிரி. உங்கள் 2 செல்சியஸுக்கு 1.2 டிகிரி. கை நீளத் துண்டு 25 மீட்டரை மிஞ்சுகிறது.

உறுதி செய்ய: லூப் திறந்த நிலையில் அந்தத் துண்டின் மேல் மட்டும் ஹேர் டிரையர் காற்றை இரண்டு நிமிடம், மெல்லிய சூட்டில், காட்டுங்கள். மிக்சர் பெட்டியை (சிக்னலின் ஃபேஸை அளக்கும் பகுதி) அட்டையால் மறையுங்கள். இல்லாவிட்டால் எது நகர்ந்தது என்று தெரியாது.

சரிசெய்ய ஏசியை 24-க்கு ஏற்றுங்கள், இன்றே செய்யலாம். குளிர் கூடக் கூட ஃபேஸ் நிலைக்கும் என்பது தவறான நம்பிக்கை. 19-ஐ விட்டு விலகுவதுதான் முக்கியம். பிறகு அந்தத் துண்டை சிலிக்கான் டையாக்சைடு மின்காப்புள்ள செமி ரிஜிட் கேபிளாக மாற்றுங்கள். அதில் இந்த வளைவு கிடையாது.

வேவ்கைடு_வாசல்
நீரைச் சொன்னது நான். இங்கே அது இல்லை என்று தெளிவாகிவிட்டது. கேபிள் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. புதுத் துண்டின் நீளம் வேறு என்பதால் ரீட்பேக் எங்கு வேண்டுமானாலும் குதிக்கும். பழைய செட்பாயின்ட்டோடு (லூப்பின் இலக்கு ஃபேஸ்) லூப்பை மூடினால் பீம் தவறான ஃபேஸில் போய்ச் சுவரில் அடிக்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் லூப் திறந்தபடி ரீட்பேக்கைக் குறித்து, வித்தியாசத்தை ஆஃப்செட்டில் போடுங்கள். குறைந்த ரிப்பிடிஷன் ரேட்டில் க்ரெஸ்ட் ஸ்கேன் (ஃபேஸை நகர்த்தி உச்சத்தைத் தேடுவது) எடுத்த பிறகே லூப்பை மூடலாம். எஸ்எம்ஏ இணைப்பிகளுக்கு டார்க் ஸ்பானர் கட்டாயம்: பித்தளை என்றால் 0.56 நியூட்டன் மீட்டர். கையால் முறுக்கிய இணைப்பும் வெப்பத்தோடு நகரும்.

லைனாக்_ஷிஃப்ட்
ஏசி 24, புதுக் கேபிள், க்ரெஸ்ட் ஸ்கேன் எல்லாம் முடிந்தது. 25 நிமிட ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. காலையிலிருந்து மாலைக்குள் மெதுவாக 0.5 மில்லிமீட்டர் நகர்வது மட்டும் மிச்சம்.

கேபிள்_கணக்கு
அதுதான் உங்கள் 25 மீட்டர். கேலரி பகலில் சூடேறுகிறது. மாஸ்டர் ரெஃபரன்ஸிலிருந்து (ஃபேஸுக்கு அடிப்படையான சிக்னல்) ஒரு பங்கை அதே வகைக் கேபிளில், அதே டிரேயில், கப்ளர் வரை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து ரிசீவரின் காலிச் சானலில் கொடுங்கள். போய் வருவதால் அதில் தெரியும் நகர்வு இருமடங்கு. பாதியை பிக்கப் ஃபேஸிலிருந்து கழியுங்கள். இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி மேலே ஃபோம் உறை போட்டுவிடுங்கள். வெப்பம் வேறுபட்டால் கழித்தல் பலிக்காது.