இலையுதிர்காலத்தில் கடலோர நகரம்: சின்னப் பிள்ளைகளோடு வார இறுதியில் என்ன செய்யலாம்?

இரண்டு_வாண்டுகள்:
வணக்கம். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. வீட்டிலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம். கோடை முழுக்கப் பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். இப்போது காற்று சில்லென்று அடிக்கிறது, முன்பு மாதிரி இறக்கிவிடப் பயமாக இருக்கிறது. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. பள்ளி திறந்துவிட்டதால் சனி, ஞாயிறுதான் கையில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கிற விழாக்கள்தான் வருகின்றன. கடலை விட்டுப் போகாமல், இரண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி என்ன செய்யலாம்? பிள்ளைகளோடு போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கரை:
குளிப்பதை இப்போதே நிறுத்த வேண்டியதில்லை. நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் மெதுவாகத்தான் ஆறும். பூமியின் வட பாதியில் உள்ள மிதவெப்பக் கடல்களில் ஜூனை விடச் செப்டம்பரில்தான் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிரடிப்பது வெளியே வந்த பிறகு வீசும் காற்றில்தான். துண்டும் மாற்றுடையும் கரையிலேயே தயாராக இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் வெளியே கூட்டி வந்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கோடை முடிந்ததும் பல கரைகளில் உயிர்காப்பாளர்களை எடுத்துவிடுவார்கள். அவர்கள் இல்லாத கரையில் நான் இறக்க மாட்டேன்.

வற்றுநேரம்:
பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக எந்தப் பருவம் நல்லது என்று கேட்டால் கோடை என்று சொல்ல மாட்டேன், இலையுதிர்காலம்தான். கூட்டம் கலைந்திருக்கும், வெயில் மண்டையைப் பிளக்காது. அதைவிட முக்கியம், கடல் வெகுதூரம் உள்வாங்கும் காலம் இது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூடுதல், வற்றமும் கூடுதல் என்பது தெரிந்ததுதான். பகலும் இரவும் சமமாகும் நாட்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதால், நிலவும் சூரியனும் சேர்ந்து கடலை இழுக்கும் இழுப்பு இன்னும் வலுக்கிறது. இலையுதிர்காலத்தில் அது வட பாதியில் செப்டம்பர், அக்டோபர். தென் பாதியில் மார்ச், ஏப்ரல். இந்த மாதங்களில் அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், கோடை முழுக்க நீருக்கடியில் கிடந்த பாறைகள்கூடப் பல கரைகளில் வெளியே தெரியும். மத்தியதரைக் கடல், பால்டிக் மாதிரி ஏற்ற வற்றம் குறைவான கடல் என்றால் இது எடுபடாது. மற்ற கரைகளில் இதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் ஊருக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரத்துக் கணக்கு இந்த வாரத்துக்கு ஆகாது. முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைக்கு இறங்குங்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் பேச்சில்லாமல் கரையேறிவிட வேண்டும். முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் உள்ள பள்ளத்தில் நீர் நிறைந்துவிடும்.

பாறைக்குட்டையில் எடுத்தவுடன் நண்டைத் தேடாதீர்கள். சின்னவனைக் குந்த வைத்துக் கொட்டலசைக் காட்டுங்கள். பாறையில் வெள்ளைப் பருக்கள் மாதிரி ஒட்டியிருக்கும், வெறுங்காலில் மிதித்தால் கிழிப்பது அதுதான். வெளியே காய்ந்து கிடக்கும்போது அதற்கு உயிர் இருப்பதாகவே தோன்றாது. நீருக்குள் இருக்கும் ஒன்றை, நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உச்சியில் உள்ள சின்ன ஓட்டுக் கதவு பிளந்து திறக்கும். மெல்லிய இறகு போன்ற கால்கள் வெளியே விரிந்து, தண்ணீரை ஒரு வாரு வாரிக்கொண்டு உள்ளே போகும், மறுபடி வரும். கையை மேலே கொண்டுபோனால் நிழல் பட்டுச் சட்டென்று மூடிக்கொள்ளும். அது சிப்பி வகை இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் இரை பிடித்து வாழ்கிறது. இதைப் பார்த்த அன்று என் பேத்தியை வீட்டுக்குக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. "தாத்தா, அது மூச்சு விடுதா, சாப்பிடுதா?" என்று வழியெல்லாம் ஒரே கேள்வி.

பெரியவளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: புரட்டிப் பார்த்த கல்லை, இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைப்பது. கல்லுக்கு அடியில் இருப்பவை ஈரத்தையும் நிழலையும் நம்பி வாழ்பவை, கல் கவிழ்ந்து கிடந்தால் காய்ந்து செத்துப்போகும். எதையும் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன். பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை.

சிறகுப்பாதை:
ஐயா சொன்னதற்கு நேர் எதிர் நேரத்தையும் வீணாக்க வேண்டாம். பறவை பார்க்க, நீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளைதான் நல்லது. சேற்றில் பரவி மேய்ந்த கரைப்பறவைகளைத் தண்ணீர் நெருக்கி நெருக்கிக் கரைப்பக்கம் தள்ளிவிடும். முழு ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு கழிமுகத்தில் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள். வலசைக் காலம் என்பதால் கோடையில் காணாத பறவைகள் வரும். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி உதவும், இலவசம்தான்.

பெரியவளிடம் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் கதையைச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. முதுகில் பொருத்திய சின்னக் கருவி வழியாகத் தெரிய வந்த செய்தி இது. வழி காட்டத் தாய் தகப்பன் கூடவே பறக்க வேண்டும் என்பதுகூட இந்தப் பறவைகளுக்கு இல்லை. இதைக் கேட்ட பிள்ளை, சேற்றில் மூக்கைக் குத்தி நிற்கும் பறவையைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

இரண்டு_வாண்டுகள்:
எல்லோருக்கும் நன்றி. அட்டவணையைப் பார்த்துவிட்டேன், வரும் ஞாயிறு காலை வற்று. ஒரு சந்தேகம்: இந்தப் பருவத்தில் அடிக்கடி புயல்காற்று அடிக்கிறது. அந்த வாரங்களில் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானா?

வற்றுநேரம்:
காற்றடிக்கும்போது கடல் பக்கமே போகாதீர்கள், அலையை வேடிக்கை பார்க்கக்கூட. திடீரென்று ஒரு பெரிய அலை ஏறி வந்தால் பெரியவர்களாலேயே நிற்க முடியாது. கடல் அடங்கிய மறுநாள் போங்கள்மா. கரையில் பாசியும் குச்சியும் ஒதுங்கி நீளமாக ஒரு கோடு கிடக்கும், அதன் ஓரமாகவே நடக்கலாம். நாலு மூலையிலும் கொம்பு நீட்டிய கறுப்புப் பை மாதிரி ஒன்று கிடைத்தால் அது திருக்கை வகை மீனின் முட்டைக்கூடு. பெரும்பாலும் குஞ்சு போய்விட்ட காலிக் கூடுதான், கையில் எடுத்துப் பார்க்கலாம். கடல்நாய்க் குட்டி தனியாகக் கிடந்தால் மட்டும் கிட்டே போகாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கலாம். உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

அந்தக் கோட்டில் பிளாஸ்டிக்கும் கிடக்கும். கையுறை போட்டு ஒரு பை நிறையப் பொறுக்கலாம். 1986ல் டெக்சாஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள், செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வருகிறது. உங்கள் கரையில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். எடுத்ததை வகை பிரித்து எண்ணி எழுதுவது அங்கே வழக்கம், அந்த எழுத்து வேலையைப் பெரியவளிடம் கொடுங்கள். சின்னவன் பையைப் பிடித்துக்கொள்ளட்டும்.